பூட்ஸில் வந்த ஐந்து மீன்கள்

எங்கள் டாரோ ஆறு மொத்தமே ஒன்பது மைல். ஆலைக்கு மேலே ஊற்றெடுத்துப் பெரிய ஆற்றில் போய்ச் சேரும். 1976 கோடையில் அதுவும் வற்றிப்போயிற்று.

அக்கா நெஸ்டா ரேமண்டைக் கல்யாணம் செய்துகொண்டு கனடாவுக்குப் புறப்பட இன்னும் ஆறு நாள் இருந்தது. "வா ஏவ்ரில், ஆத்துக்குள்ளயே நடந்து போலாம்" என்றாள்.

பிறந்ததிலிருந்து கரையில் மட்டுமே நடந்தவர்கள் நாங்கள். உள்ளேயிருந்து பார்த்தபோது ஊரே வேறாக இருந்தது. மரவேர்கள் தலைக்கு மேலே சிவப்பு நூல்களாகத் தொங்கின. தேவாலயப் பாலம் அவ்வளவு உயரம் என்று அன்றுதான் தெரிந்தது.

பாலம் தாண்டி, சாப்பாட்டுத் தட்டளவு தண்ணீரில் ஐந்து டிரவுட் மீன்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. நெஸ்டா ஒரு ரப்பர் பூட்ஸைக் கழற்றி, அந்தத் தண்ணீரோடு மீன்களையும் அள்ளினாள்.

"என் கால் நாத்தத்துல செத்துடாம இருந்தா சரி."

அரை மைல் அவள் ஒரு வெறுங்காலோடு நொண்டினாள். பண்ணைக்காரர் கெட்ஜ் தன் வேலிக் கதவில் சாய்ந்திருந்தார்.

"கனடாவுல இதான் ஃபேஷனா, ஒரு காலுக்கு மட்டும் பூட்ஸு?"

"மீன் இருக்கு, மிஸ்டர் கெட்ஜ். தண்ணி வேணும்."

"மாட்டுக்கே நான் டிராக்டர்ல கொண்டாரேன்." பூட்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். "மூலைத் தொட்டியில விடுங்க. மாடு ஒண்ணும் மீன் திங்காது."

நெஸ்டா போய்விட்டாள். நான் தினமும் மாலையில் தொட்டியைப் பார்த்து வந்தேன். இரண்டைக் கொக்கு கொண்டுபோயிற்று. செப்டம்பரில் மழை வந்தும், நவம்பரில்தான் ஆறு ஓடத் தொடங்கியது. மீதி மூன்றையும் கெட்ஜ் வாளியில் கொண்டுவந்து ஆற்றில் இறக்கினார்.

"போங்க, சீக்கிரம் கெளம்புங்க. உங்களுக்குப் பயந்து என் மாடுங்க தண்ணியே குடிக்கல."

இதை எழுதி அனுப்பினேன். நெஸ்டாவின் பதில் கிறிஸ்துமஸுக்கு வந்தது: 'சலவைக் கடையில நின்னு படிச்சேன், அழுதுட்டேன். மீனுக்கா அழுறேன்னு ரேமண்ட் கேட்டார். ஆமான்னு சொல்லிட்டேன்.'

இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரே ஒரு முறை வந்தாள். கெட்ஜ் அப்போது உயிரோடு இல்லை. தண்ணீர் முழங்கால் வரை ஓடிக்கொண்டிருந்தது. கரையோரம் நடந்தோம்.

"இங்கதான் அள்ளினோம்."

"இல்ல நெஸ்டா, இன்னும் கீழ."

"உனக்கு என்ன தெரியும், பூட்ஸக் கழட்டினது நான்."

அவள் செருப்பை உதறிவிட்டு உள்ளே இறங்கினாள். குளிர் தாங்காமல், கரையில் குனிந்து நின்ற என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் கரையேறவில்லை.