பாதி விலை மெத்தை

கடை திறக்கும் முன்பே ஒல்லி வேலையைத் தொடங்கிவிட்டான். மெத்தைகளிலிருந்த பழைய விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும். பத்தாயிரம் இருந்த இடத்தில் இருபதாயிரம். வருகிறவர்களின் வாய்ச் சாமர்த்தியத்தைப் பார்த்து முதலாளி அதிலிருந்து இறங்கி வருவார்.

சுவரோரம் நின்ற கெட்டி மெத்தையிடம் வந்ததும் அவன் கை தயங்கியது. தண்ணீர்க் குடத்தோடு வழுக்கி விழுந்ததிலிருந்து அவன் மனைவி படுத்த படுக்கை. இன்னும் தரையில் படுத்தால் நிமிரவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்றே கேட்டிருக்கலாம். கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டான். ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் முதலாளி கண்டுபிடித்துவிடுவார் என்று அதிலும் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திவிட்டான்.

முதலாளி வந்து ஊதுபத்தி கொளுத்தி உட்கார்ந்ததும் போய் நின்றான்.

"வீட்டுல அவளுக்கு அந்தக் கெட்டி மெத்தை ஒண்ணு வேணும் முதலாளி. கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா..."

"உனக்கு இல்லாததாடா?" முதலாளி எழுந்துபோய்த் தெரியாதவர்போல ஸ்டிக்கரைக் குனிந்து பார்த்தார். "இருபதா? நீ பாதி குடு, போதும். சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா புடிச்சுக்கறேன்."

நேற்றுவரை அதுதானே விலை என்று நாக்கு நுனிவரை வந்தது. முதலாளி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க முதலாளி. ரொம்ப நன்றிங்க" என்றான்.

சற்று நேரத்தில் ஒரு அம்மாள் வந்தாள். அதே ரக மெத்தையைத் தட்டிப் பார்த்து, வாய் கூசாமல் "ஆறாயிரம்" என்றாள்.

"கட்டுப்படியாகாதும்மா. எங்க ஆளுக்கே பத்துக்குத்தான் குடுத்திருக்கேன். டேய், நீயே சொல்லு."

"ஆமாங்கம்மா" என்றான் ஒல்லி.

அந்த அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படியிறங்கினாள்.

"அட, வாங்கம்மா! போணி நேரத்துல திரும்பிப் போகாதீங்க. ஏழு குடுத்துட்டு எடுத்துக்கங்க!"

ஒல்லிதான் அதைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் ஏற்றினான். திரும்பி வந்தவனுக்கு மனசு ஆறவில்லை.

"அவங்களுக்கு ஏழு முதலாளி..."

"அவங்க பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்கடா. கடன் சொல்லிட்டு நீ எங்க போவே?"

முதலாளி கோபமாகச் சொல்லவில்லை. கல்லாவைப் பூட்டியபடி சாதாரணமாகத்தான் சொன்னார்.

சாயங்காலம் மெத்தையைத் தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். சமையல் சாமான்களை மூலையில் ஒதுக்கிய பிறகுதான் விரிக்க இடம் வந்தது. மனைவியை மெல்ல அணைத்துத் தூக்கி அதில் கிடத்தினான். அவள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். பிறகு தலைமாட்டில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"ஐயோ, இருபதாயிரமா!"

"பாதிக்குக் குடுத்தாரு."

அவள் கண் கலங்கியது. "மனுஷன்னா அவருதாங்க. புள்ளகுட்டியோட நல்லா இருக்கட்டும்."

ஒல்லி ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கினான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை ஏன் பிய்க்கறீங்க? இருக்கட்டும். நமக்காக எவ்ளோ விட்டுக்குடுத்திருக்காருன்னு பாக்க வர்றவங்களுக்குத் தெரிய வேணாமா?"

பிரிந்து நின்ற ஓரத்தை அவன் மறுபடி கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான்.