புல்டோசருக்குத் தடை

மூன்றாவது ஞாயிறும் கூட்டம் என்றதும் எனக்கு உடம்பெல்லாம் வலித்தது. வாரத்தில் ஆறு நாள் தேயிலைத் தொழிற்சாலை உலைக்கு விறகு தள்ளுகிறவன் நான். ஏழாவது நாள் காலை நீட்டிப் படுக்கலாம் என்றால், ஒரு வண்டு அளவுக்கு மீறிய பலசாலியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லப் போக வேண்டும். "சின்னையா, நீதான் நடுவர்" என்று என்னைப் போட்டவர் கங்காணி பழனியப்பன்தான். எங்கள் வீட்டில் வண்டு வளர்ப்பதில்லை, அதுதான் என் தகுதி. எனக்கு அதற்கெல்லாம் தெம்பும் இல்லை.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்கள் எஸ்டேட்டில் ஆற்றோரமாக ஒரே ஒரு தேயிலை நிரை சமதரையில் ஓடும். அங்கே நின்று கொழுந்து கிள்ளினால் நிறுவைக் கொட்டகை பத்தடியில். மற்ற நிரைகள் எல்லாம் மேட்டில், கூடையோடு ஏறுவதற்குள் பாதி உயிர் போய்விடும். அந்தச் சம நிரை யாருக்கு என்று தினமும் காலையில் பெயர் கூப்பிடும் களத்திலேயே சண்டை. ஒரு தரம் விளக்குமாறு எல்லாம் பறந்தது. எழுபதாம் வருஷம் கங்காணிக்கு அலுத்துப்போய், "இனிமே வண்டு முடிவு பண்ணட்டும்லா" என்றார். கோபத்தில் சொன்னது அப்படியே வழக்கமாகிவிட்டது.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, அதே களத்தில், ஒரு மரத்துண்டின் மேல் இரண்டு கொம்பு வண்டுகளை எதிரெதிரே விடுவோம். கீழே தள்ளப்பட்டது தோற்றது. ஜெயித்த வண்டு யார் வீட்டுடையதோ அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஆற்றோர நிரை, அந்த வண்டு தோற்கும் வரைக்கும். விதியைப் போட்டதும் கங்காணிதான். துரைக்கு இதெல்லாம் தெரியாது. கொழுந்து வந்து சேர்ந்தால் அவருக்குப் போதும்.

எட்டு வருஷத்தில் பெரும்பாலும் வீரப்பன் வீட்டு வண்டுதான் ஜெயித்தது. அவன் வண்டுக்கு வாழைப்பழம் ஊட்டுவான், கரும்புச் சாறு வைப்பான், பெண்டாட்டியிடம் பேசாததை எல்லாம் அதனிடம் பேசுவான். அவன் மனைவி செல்லம்மா ஆற்றோரத்தில் நின்று நிம்மதியாகக் கிள்ளுவாள். அந்த எட்டு வருஷமும் யாரும் கூட்டம் போடவில்லை.

இந்த வருஷம் பிப்ரவரியில் ரஞ்சிதத்துக்கு ஒரு வண்டு கிடைத்தது. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் நாலு வீடு தள்ளி இருக்கிறவள் ரஞ்சிதம். புருஷன் பக்கத்து ஊர் திரிங்காப்பில் காய்கறி லோரியில் வேலைக்குப் போனவன், போனவன்தான். போன மழைக்காலத்தில் நிறைந்த கூடையோடு மேட்டிலிருந்து சறுக்கி விழுந்தாள். வலது முழங்கால் வீங்கியது, பிறகு பழைய நிலைக்கு வரவே இல்லை. ஜனவரியில் அவள் மேட்டிலிருந்து உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்குவதை நானே பார்த்தேன். பார்த்துவிட்டு விறகு தள்ளப் போய்விட்டேன். எடை குறைந்துகொண்டே போனால் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் லயத்து வீடும் போகும். இது எல்லோருக்கும் தெரியும்.

விடியற்காலையில் தொழிற்சாலை விளக்கின் கீழே கிடந்த வண்டைத்தான் அவள் எடுத்து வந்தாள். உள்ளங்கை நீளம், மூன்று கொம்பு, தார் பூசியதுபோல் கறுப்பு. முதல் ஞாயிறே வீரப்பன் வண்டைப் பத்து எண்ணுவதற்குள் தரையில் தள்ளியது. யார் வைத்த பெயரோ, புல்டோசர் என்று நிலைத்துவிட்டது. ஆறு ஞாயிறு, ஆறு வெற்றி. அதற்குப் பிறகு எதிரே வண்டு விட ஆள் இல்லை. ரஞ்சிதம் பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். "யாரும் இல்லையா?" என்று கங்காணி கேட்பார். ஆண்கள் தங்கள் டின்களை மூடிக்கொள்வார்கள். அவள் எழுந்து நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

உடனே ஆண்களுக்கு நியாய உணர்ச்சி பொங்கிவிட்டது.

முதல் கூட்டத்தில் வீரப்பன், "அது நம்ம மலை வண்டே இல்ல. கீழ ரிங்லெட் பக்கம் சூட்டுல வளர்ற ஜாதி. லோரியில ஏறி வந்திருக்கு" என்றான். இரண்டாவது கூட்டத்தில், தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் லியோனார்ட் எழுந்தான். அவன் எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டான். "பாக்ஸிங்ல வெயிட் பாத்துதான் ஜோடி போடுவாங்க. இதுக்கும் வெயிட் வெக்கணும். இல்லன்னா மூணு கொம்பு உள்ளதுக்கு எதிர ரெண்டு வண்ட விடணும்" என்றான். இன்னொருவர் ஒரு கொம்பைக் கட்டிவிட யோசனை சொன்னார். இரண்டு மணி நேரம் பேசினார்கள். மந்திரிசபைகூட இவ்வளவு பேசாது. எனக்குக் கொட்டாவி விட்டுக் கொட்டாவி விட்டுத் தாடை நொந்துபோனது.

இரண்டு கூட்டத்திலும் ரஞ்சிதம் சொன்னது ஒன்றுதான். "எட்டு வருசம் வீரப்பண்ணன் வீட்டு வண்டே ஜெயிச்சப்ப யாருக்கும் வலிக்கல. இப்ப என் வண்டுன்னதும் பலம் சாஸ்தியாயிருச்சா?"

"அது வேற, இது வேற" என்றான் வீரப்பன். எப்படி வேறு என்று கடைசி வரை சொல்லவில்லை.

மூன்றாவது ஞாயிறு மூடுபனி களம் வரை இறங்கியிருந்தது. லியோனார்ட் தொழிற்சாலையிலிருந்து ஒரு சின்னத் தராசே கொண்டுவந்துவிட்டான். "மொதல்ல நிறுப்போம். அப்புறம் பேசுவோம்" என்றான். நடுவரைத் தவிர வேறு யாரும் அடுத்தவர் வண்டைத் தொடக்கூடாது என்பது வழக்கம். ரஞ்சிதம் டின்னை என்னிடம் நீட்டினாள். விரல்கள் அதை விடவில்லை, நான் சற்று இழுக்க வேண்டியிருந்தது.

மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். புல்டோசர் இருந்தது. மூன்று கொம்பும் அப்படியே இருந்தன. ஆனால் கால்கள் உள்பக்கம் மடங்கிக் கிடந்தன. ஒரு கால் கழன்று தனியாகக் கிடந்தது, அதை இரண்டு எறும்புகள் இழுத்துக்கொண்டிருந்தன. செத்து எத்தனை நாளோ. இது தெரிந்தால் நிரை இன்றைக்கே அவள் கையை விட்டுப் போகும்.

நிமிர்ந்தேன். ரஞ்சிதம் என்னைப் பார்க்கவில்லை, தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்திருக்க வேண்டும், மூன்று ஞாயிறு போச்சே என்று. வரவில்லை. ஜனவரியில் அவள் உட்கார்ந்து நகர்ந்து இறங்கியதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. மூடியை அழுத்தி மூடினேன்.

"ஏண்ணே மூடிட்டீங்க?" என்றான் லியோனார்ட்.

"சீறிக்கிட்டு இருக்கு. இப்ப எடுத்தா என் விரல் போயிரும். விரல் இல்லாம நாளைக்கு வெறகு நீ வந்து தள்ளுவியா?"

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"தராசெல்லாம் வேணாம். ரெண்டே வழிதான். ஒண்ணு, இப்பவே எவனாச்சும் ஒரு வண்ட கொண்டாந்து இதுக்கு எதிர விடுங்க. இல்லன்னா தடை. வீரப்பா, உன் வண்டு எங்க?"

அவன் மடியில் பால் டின் இருந்தது. அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். "எதுக்குண்ணே? இத வளக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சும்மா சாகக் குடுக்கவா?"

"வேற யாராச்சும்?"

ஒரு டின்னும் முன்னால் வரவில்லை. இவர்கள் கைதூக்குவதற்குள் வண்டு நாறிவிடுமோ என்று எனக்குப் பயம். "அப்ப தடை வேணுங்கறவங்க கை தூக்குங்க" என்றேன். எல்லாக் கையும் உயர்ந்தது.

"சரி. புல்டோசருக்குத் தடை. இனி அது இந்தக் கட்டையில ஏறாது."

வீரப்பன் முகத்தில் எட்டு வருஷத்துக் களை திரும்பியது. "அப்ப நாளையிலேருந்து ஆத்தோர நெரை..." என்று ஆரம்பித்தான்.

"அது ரஞ்சிதத்துக்குத்தான்" என்றேன். "தோக்கற வரைக்கும்னுதான விதி. அது தோக்கலியே. இனிமே தோக்கவும் வழியில்ல, நீங்கதான தடை போட்டீங்க."

வீரப்பன் டின்னோடு துள்ளி எழுந்தான். பிறகு ஆளுக்கு ஆள் கத்தினார்கள். கங்காணி பழனியப்பன் கண்ணை மூடித் தலையைச் சொறிந்தார். என்னைவிட அலுத்துப்போன ஒரே மனிதர் அவர்தான். "சின்னையா சொல்றது சரிலா. அந்த விதிய நாந்தான் போட்டேன். அடுத்த வருசம் வண்டு வர்ற வரைக்கும் நெரை அவளுக்கு. எல்லாம் வீட்டுக்குப் போங்க, எனக்கு முதுகு வலிக்கிது" என்றார்.

ரஞ்சிதம் டின்னை வாங்கிக்கொண்டாள். "வர்றேண்ணே" என்றாள். நொண்டிக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தாள்.

வீடு வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நானும் ஒரு புத்திசாலி வேலை செய்திருக்கிறேன் என்று இருந்தது. என் மனைவி வேலம்மா அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லி, குரலைத் தாழ்த்தி, "யார்கிட்டயும் சொல்லிராத. அந்த வண்டு செத்துப்போச்சு" என்றேன்.

"தெரியுமே" என்றாள். "பன்னெண்டு நாளாச்சு."

அடுப்புக்குக் கிட்டப் போனேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"மேட்டு நெரைப் பொம்பளைங்க எல்லாத்துக்கும் தெரியும். அவ நெசத்தச் சொல்லிரலாம்னுதான் வந்தா. நாங்கதான் வேணாம்னுட்டோம். டின்ன மட்டும் தூக்கிட்டுப் போ, இந்த ஆம்பளைங்க எவனும் கிட்ட வரமாட்டான்னு சொல்லி அனுப்பினோம்."

பன்னிரண்டு நாளாக அத்தனை பெண்களும் மூச்சு விடவில்லை. நாங்கள் ஆண்கள் இரண்டு ஞாயிறு, செத்த வண்டின் பலத்தை அளந்துகொண்டிருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஜனவரியில் அவள் காலைப் பார்த்துவிட்டு நான் விறகு தள்ளப் போனேன், இவர்கள் போகவில்லை.

திடீரென்று ஒன்று உறைத்தது. "செல்லம்மாவுக்குமா தெரியும்? வீரப்பன் பொண்டாட்டிக்கு? நெரையே அவளோடதாச்சே."

வேலம்மா ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

"அவதான் மொதல்ல சொன்னா, டின்ன மூடுன்னு."

நான் உட்கார்ந்துவிட்டேன். நாளைக்குக் காலையில் செல்லம்மா கூடையை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறுவாள். வேலம்மாவும் ஏறுவாள். சட்டியில் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று சொல்லி, அவள் என்னைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொன்னாள்.