ஜானு வளர்த்த பாசி

எங்கள் வாசலில் பாசி பிடித்ததற்கு ஜானுதான் காரணம். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். சித்திரைக்குளத்துக்குப் பின்னால் அந்த வீட்டில் இரண்டே குடித்தனம், எங்களுடையதும் அவளுடையதும். நடுவில் வெயில் எட்டிப் பார்க்காத ஒரு நடை. பூஜைக்குக் கட்டும் மடித்துணியை நனைத்த தண்ணீரைத் தினமும் அவள் அதில்தான் விடுவாள். தரை எங்கள் பக்கம் சரிவு. அவள் வாசல் பளிச்சென்று இருக்கும், என் வாசலில் பச்சைப்பசேலென்று பாசி.

பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தால் போய்விடும். நான் எதற்குத் தேய்க்க வேண்டும்? வளர்த்தது அவள்.

"ஜானு, தேய்ச்சு விடேன். யாராவது விழுந்து வைக்கப்போறா."

"உங்காத்து வாசல், மாமி. நான் வந்து தொட்டா நன்னாவா இருக்கும்?"

திமிரைப் பாருங்கள்!

என் பெண் மஹதிக்கு இருபத்தெட்டு தாண்டிவிட்டது. வந்த ஜாதகமெல்லாம் தட்டிப்போய், தொண்ணூற்று நாலு தையில் ஒன்று பொருந்தியது. பையன் ஸ்ரீவத்சன், அடையாறு, பாங்க் வேலை. இதுவும் போனால் இனிமேல் கஷ்டம் என்று தரகரே வாய்விட்டுச் சொன்னார். அவர்கள் பெண் பார்க்க வருகிற அன்று பஜ்ஜி போட்டேன். பாசியின்மேல் ஒரு கோணியை விரித்து மறைத்தேன்.

பையனின் அம்மா அந்தக் கோணியில் கால் வைத்தாள். கோணியோடு சேர்ந்து வழுக்கி விழுந்தாள். பட்டுப்புடவையெல்லாம் பச்சை. நான் ஓடி வருவதற்குள் ஜானு அவளைத் தூக்கித் தன் வீட்டுக்குள் அழைத்துப் போய்விட்டாள். மாற்றுப் புடவை கொடுத்தாள், காலுக்கு எண்ணெய் தடவினாள். காபி கொண்டுவந்து கொடுத்தது அவள் பெண் சாருலதா.

"வாசல்லயே விழுந்தேன். சகுனம் சரியில்லை," என்றாள் அந்த அம்மாள். என் வீட்டுப் படியை மிதிக்காமலே எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

மாசம் முடிவதற்குள் சாருலதாவின் ஜாதகத்தைக் கேட்டு அதே தரகர் வந்தார். பொருந்தியும் தொலைத்தது. படுபாவி ஜானு!

சாருலதாவின் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் நடையில் சரக் சரக்கென்று சத்தம். சம்பந்தி மறுபடியும் விழக்கூடாதே! ஜானு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் வாசல்படி வரைக்கும் வந்து தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வெக்கமா இல்லையாடி உனக்கு?" என்று கத்தினேன்.

அவள் இன்னொரு பிடி பவுடரை அள்ளிப் போட்டாள். உள்ளேயிருந்து மஹதிதான் வந்தாள். அழுது வீங்கிய முகம்.

"எதுக்கும்மா கத்தறே? அவதான் தேய்க்கணும்னு பிடிவாதமா இருந்தியே. தேய்க்கறா, பார்."