பன்னிரண்டு துண்டு கேக்கில் பதிமூன்று

வேன் டிரைவருக்கு அன்று மத்தியானம் கால் தரையில் பாவவில்லை. பேக்கரியின் பின்னறையில், கேக் வெட்டும் மேசைக்குப் போய், மனைவியின் முகத்துக்கு நேரே பந்தயக் கடைச் சீட்டை நீட்டினான்.

"இந்தா பாரு. சனிக்கிழமைக்குள்ள ஓவன் நம்ம வீட்டுக்கு வந்துடும்."

வீட்டிலேயே சொந்தமாக ரொட்டித் தொழில் தொடங்க ஒரு பழைய ஓவனைப் பார்த்து வைத்திருந்தார்கள். இரண்டு வருடமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது பதிமூவாயிரம். ஓவன் கடைக்காரர் கேட்பதோ இருபதாயிரம். சனிக்கிழமை தாண்டினால் வேறு ஆளுக்குத் தள்ளிவிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

சீட்டில் வெள்ளிக்கிழமை நடக்கும் கால்பந்தாட்டத்தின் பந்தய விலை இருந்தது. சிவப்பு அணி ஜெயித்தால் கட்டியதற்கு இரண்டு மடங்கு, சமமாக முடிந்தால் மூன்று மடங்கு, நீல அணி ஜெயித்தால் நான்கு மடங்கு. கட்டிய காசும் அதற்குள் அடக்கம்.

"மூணுலயும் கட்டப் போறேன்," என்றான். "டெலிவரிக்கு மூணு வழி தெரிஞ்சு வச்சிருக்கேன்ல? எது அடைச்சாலும் ஒண்ணு திறந்திருக்கும். அதே கதைதான். எது நடந்தாலும் காசு! எப்படி என் மூளை?"

அவள் சீட்டை ஒருமுறை பார்த்தாள். கத்தியைத் துடைத்தாள். பேக்கரியில் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். அளக்காமல் வெட்டுவாள், தராசில் போட்டால் ஒரு துண்டு இன்னொன்றைவிட இம்மியும் கூடுதலாக இருக்காது.

பன்னிரண்டு துண்டாக வெட்டிய ஒரு கேக்கை அவன் முன் தள்ளினாள். "எது நடந்தாலும் உங்க கைக்குப் பன்னிரண்டு வரணும்னு வச்சுக்கோங்க. சிவப்புக்கு எத்தனை வைக்கணும்?"

"ரெண்டு மடங்கு... ஆறு." ஆறு துண்டை ஒதுக்கினான்.

"சமமா முடிஞ்சா?"

"நாலு." அதையும் ஒதுக்கினான்.

"நீலத்துக்கு?"

"மூணு," என்று கையை நீட்டியவன் அப்படியே நின்றுவிட்டான். தட்டில் மிச்சம் இரண்டே துண்டு.

"இன்னொண்ணு எங்கே?"

"அதை நீங்கதான் போடணும். பதிமூணு வச்சாப் பன்னிரண்டு வரும். வேற மாதிரி பிரிச்சா ஒண்ணுல கூடும், இன்னொண்ணுல நல்லாக் கையைக் கடிக்கும்." சீட்டை மறுபடி பார்த்தாள். "எழுதினவன் கெட்டிக்காரன்ங்க. என்ன நேர்த்தியா வெட்டியிருக்கான்! ஆசையில இருக்கறவன் கூட்டியா பார்ப்பான்?"

அடேயப்பா! பந்தயக் கடை வாசலில் வருஷக்கணக்காக வாய் கிழியப் பேசுகிறவர்களில் ஒருவனுக்காவது இது தெரியுமா? எட்டாவது தாண்டாதவள், கேக் கத்தியும் கையுமாக, ஒரு நிமிஷத்தில் அந்தக் கடையின் வண்டவாளத்தையே தட்டில் வைத்துவிட்டாளே! பத்து வருடம் கூடவே குடித்தனம் நடத்தியும் இவள் மூளையின் அளவு தெரியாமல் போயிற்றே என்று டிரைவருக்கு வெட்கமாக இருந்தது. பெருமை அதைவிட அதிகமாக இருந்தது.

"அப்போ ஓவன்?" என்றான் மெதுவாக.

"போனாப் போகுது," என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த கேக்கை வெட்டினாள். முதல் துண்டு கோணலாக விழுந்தது. அவள் கையில் அப்படி விழுந்து அவன் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை, அவன் வேனில் சரக்கு ஏற்றும்போது பேக்கரி ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். "என்ன டிரைவரே, நேத்து எது மேல கட்டினீங்க?"

"பதிமூவாயிரத்தையும் என் வீட்டுக்காரி மேல கட்டிட்டேன்."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "அப்படியா? சீட்டு எங்கே?"

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். ஓவன் கடை ரசீது. பதிமூவாயிரம் ரொக்கம், மீதி ஏழாயிரத்துக்கு ஈடாக இருபது ஞாயிற்றுக்கிழமை கடைக்காரரின் வண்டியை ஓட்டித் தருவது. ஓவன் இன்றே வீட்டுக்கு வந்துவிடும். வாங்குபவர் என்ற இடத்தில் அவன் தன் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதியிருந்தான்.

அவள் இரண்டு முறை படித்தாள்.

"ஞாயித்துக்கு முந்நூத்தம்பதா?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உங்களை ரொம்ப மலிவா வித்துட்டீங்களே!"