சம்பந்திகள் ஏறிய சிகரம்

கேக்கம்மா வருடக்கணக்காக ஏறியதெல்லாம் ஒரே ஒரு மாடிப்படிதான். கீழே கேக் கடை, மேலே வீடு. காலையில் இறங்கினால் இரவு ஏறுவாள். தெருப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் கேக்கம்மா. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அப்படிப்பட்டவளிடம் மகள் போன் போட்டு, "அம்மா, லீவுக்கு நாம நாலு பேரும் தேசியப் பூங்காவுக்குப் போறோம். அங்க மலை ஏறப் போறோம்" என்றாள்.

மலையைப் பற்றிக் கேக்கம்மா ஒன்றும் கேட்கவில்லை. "நாலாவது ஆள் யாரு?" என்றுதான் கேட்டாள்.

"அத்தைதாம்மா. வேற யாரு?"

மகளுக்கு அத்தை என்றால் கேக்கம்மாவுக்குச் சம்பந்தி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் விசில் டீச்சர். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி வைத்துவிட்டாரே தவிர, குரலிலிருந்து கழற்றவில்லை.

இரண்டு சம்பந்திகளும் ஒரு நாள்கூடச் சண்டை போட்டதில்லை. வம்பே அதுதான். சண்டை போட்டிருந்தால் எப்போதோ ராசியாகியிருப்பார்கள். இருவருக்கும் நடுவில் கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட மாதிரி ஒரு மரியாதை விறைத்துக்கொண்டு நின்றது. ஒருமுறை பஸ் வாசலில் "நீங்க ஏறுங்க சம்பந்தி", "ஐயோ, நீங்க முதல்ல" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு நின்றதில் பஸ்ஸே போய்விட்டது.

கேக்கம்மாவின் மனதில் ஒரு முள் இருந்தது. முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்று, டீச்சர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவள் மகளைப் பார்த்து, "நிமிர்ந்து நில்லும்மா" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைக் கேக்கம்மா கல்யாணத்திலும் மறக்கவில்லை, அதற்குப் பிறகும் மறக்கவில்லை. மைதா பிசையும்போதெல்லாம் அது ஞாபகத்துக்கு வரும். மாவு நன்றாகப் பிசைபடும்.

பூங்காவின் வாசலில் வனக்காவலராக ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். நான்கு பேரையும் காலிலிருந்து தலைவரை ஒரு தடவை பார்த்தாள். "வழி நெடுக மஞ்சள் பெயின்ட் அடிச்ச கல் இருக்கும். அதையே பாத்துப் போங்க. மழை மேகம் கூடிச்சுன்னா எங்க இருந்தாலும் திரும்பிடுங்க. மலை நாளைக்கும் இங்கதான் இருக்கும்" என்றாள். கேக்கம்மாவுக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துப் போயிற்று.

முதலில் ஓடையோரமாகப் பாதை போனது. மரங்களுக்கு நடுவில் ஈர மண் வாசனை. டீச்சர் இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்து, முதுகில் இரும்புக் கம்பி வைத்துத் தைத்த மாதிரி முன்னால் போனார். கேக்கம்மா கடைசி. அவள் பையில் பழக் கேக், அவித்த முட்டை, ஆரஞ்சு, எதற்கும் இருக்கட்டும் என்று கேக் வெட்டும் கத்தி. மருமகன் பையை வாங்கிக்கொள்ளக் கேட்டும் கொடுக்கவில்லை.

ஏறுகிறவர்கள் தங்க என்று கட்டியிருந்த கல் குடிசையை எட்டியபோது மகள் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். புது ஷூ. குதிகாலில் தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

"இதுக்கு மேல இவளால நடக்க முடியாது. நான் இவகூட இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றான் மருமகன்.

"நானும் இருக்கேன் மாப்பிள்ளை" என்றாள் கேக்கம்மா, வாயெல்லாம் பல்லாக.

"சம்பந்தி போக ஆசைப்பட்டா நான் கூடப் போறேன்" என்றார் டீச்சர்.

"நீங்க ஆசைப்பட்டா நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்?"

"உங்களுக்குக் கஷ்டம்னா வேண்டாம்."

கஷ்டம் என்ற வார்த்தை வந்த பிறகு கேக்கம்மா எப்படி உட்காருவாள்? பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். மகளும் மருமகனும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையாட்டினார்கள்.

குடிசைக்கு மேலே மரங்கள் குறைந்து பாறையும் புல்லும் மட்டும் மிஞ்சின. பனிமூட்டம் வந்து இறங்கியது. முன்னால் போகிற டீச்சரின் சிவப்புத் தொப்பியும் அடுத்த மஞ்சள் கல்லும்தான் தெரிந்தன. கேக்கம்மாவின் மூச்சு அவளுக்கு முன்னால் ஓடியது. கொஞ்சத் தூரத்துக்கு ஒருமுறை டீச்சர் நின்று, "இங்க நின்னு காட்சியைப் பாத்துட்டுப் போவோம்" என்பார். கேக்கம்மாவும் நின்று சுற்றிலும் பார்ப்பாள். வெள்ளைச் சுவர் மாதிரி பனி. ஒரு காட்சியும் இல்லை. மூன்றாவது தடவை அப்படி நின்றபோதுதான், தனக்காகத்தான் இவர் நிற்கிறார் என்று அவளுக்கு உறைத்தது. அதைச் சொல்லிக்காட்டாமல் நிற்கிறாரே என்று உள்ளுக்குள் ஏதோ இளகியது. ஆனாலும் முள் முள்ளாகத்தான் இருந்தது.

ஒரு வழியாக ஏற்றம் முடிந்தது. சமதளமாக ஓர் இடம். நடுவில் கல்லைக் குவித்து வைத்து, அதில் ஓர் இரும்புக் கம்பியை நட்டிருந்தார்கள்.

"வந்துட்டோம்!" என்றார் டீச்சர். கேக்கம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

உடனே போனை எடுத்தார். மகனுக்குச் சொன்னார். பிறகு வீட்டில் இருந்த கணவருக்குச் சொன்னார். "ஏறிட்டேங்க! ஆமா, உச்சி. இல்ல, முழங்கால் நல்லாத்தான் இருக்கு. சரி, சரி, மெதுவா இறங்கறேன்." டீச்சர் இப்படிக் கொஞ்சலாகப் பேசுவார் என்று கேக்கம்மா நினைத்ததே இல்லை. அவளும் தன் போனை எடுத்துப் பார்த்தாள். யாருக்குப் பண்ணுவது? மகளுக்கு இப்போதுதான் செய்தி போனது. கணவர் போய் ஐந்து வருடம் ஆகிறது. திரையை முந்தானையால் துடைத்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

டீச்சர் அதைப் பார்த்தார்.

கேக்கை வெட்டித் தின்றுகொண்டிருந்தபோது காற்று திரும்பியது. பனி திரையை இழுத்த மாதிரி விலகியது. டீச்சர் வாயில் கேக்கோடு அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்த்த திசையில் கேக்கம்மாவும் திரும்பினாள்.

அவர்களுக்குப் பின்னால், ஒரு குறுகலான முகட்டுக்கு அப்பால், மலை இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது. சாம்பல் நிறத்தில், செங்குத்தாக. அதன் தலையில் ஒரு பலகை. மஞ்சள் கற்கள் அந்தப் பக்கமாக வரிசையாக ஏறிப் போயின.

"அப்ப இது?" என்றாள் கேக்கம்மா.

"இது தோள்பட்டை" என்றார் டீச்சர். "தலை அங்க இருக்கு."

கேக்கம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பரவால்ல விடுங்க சம்பந்தி. ஏறிட்டோம்னு சொல்லியாச்சு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே!" டீச்சரின் குரலில் விசில் ஊதியது. "எல்லைக் கோட்டைத் தொடாம திரும்பின பிள்ளைங்களை எத்தனை பேரை மறுபடியும் ஓட விட்டிருக்கேன்! நானே அதைப் பண்றதா?"

"நான் ஒண்ணும் உங்க ஸ்கூல் பிள்ளை இல்ல, மறுபடி ஓடறதுக்கு. என் பொண்ணும் உங்க ஸ்கூல் பிள்ளை இல்ல!"

"உங்க பொண்ணு எங்க வந்தா இதுல?"

முள் வெளியே வந்துவிட்டது. "வந்த முத நாளே, வாசப்படியிலேயே, நிமிர்ந்து நில்லுன்னு சொன்னீங்களே. அவ என்ன கூனியா? நான் என்ன வளைச்சா வளத்தேன்?"

டீச்சருக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. "அதையா இத்தனை நாளா வச்சிருந்தீங்க? அது பழக்கதோஷம். போஸ்ட்மேனைப் பாத்தாக்கூட அப்படித்தான் சொல்லுவேன். அப்ப நானும் கேக்கறேன். என் பையன் பிறந்த நாளைக்குக் கேக் மேல அவனையே பொம்மையாச் செஞ்சு வச்சீங்களே, அதுக்கு எதுக்குத் தொப்பை?"

"இருந்ததைத்தானே வச்சேன்?"

"அவ்ளோ பெரிசா?"

"அவ்ளோ பெரிசாத்தானே இருந்துச்சு!"

டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தார். தொப்பை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். உதடு துடித்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வெடித்துச் சிரித்தார். கேக் துணுக்கு புரையேறி இருமினார். கேக்கம்மா அவர் முதுகில் தட்டினாள். தட்டிக்கொண்டே அவளுக்கும் சிரிப்பு பீறிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். பக்கத்துப் பாறையில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு காட்டு ஆடு, இதென்னடா கூத்து என்கிற மாதிரி பார்த்துவிட்டு அந்தப் பக்கம் தாவியது.

"அந்தத் தொப்பையைக் கடைசிவரைக்கும் வெட்ட விடாம நான்தான் எடுத்துச் சாப்பிட்டேன்" என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நல்லாத்தான் இருந்துச்சு."

கேக்கம்மா அண்ணாந்து பார்த்தாள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மேகம் எதுவும் இல்லை.

"போய்த்தான் பாத்துடுவோமே" என்றாள்.

முகட்டில் பாதை ஒரு ஆள் அகலம்தான். பாறையில் இரும்புச் சங்கிலி பதித்திருந்தார்கள். இந்தத் தடவை டீச்சர், "நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடி இருக்கேன்" என்றார். பாதி வழியில் கேக்கம்மா தெரியாத்தனமாகக் கீழே பார்த்துவிட்டாள். சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"சம்பந்தி, எனக்குக் கால் வரல."

"கீழ பாக்காதீங்க. அடுத்த மஞ்சள் கல்லை மட்டும் பாருங்க. உங்க பையை நான் பிடிச்சிருக்கேன்."

"நான் விழுந்தா நீங்களும்ல விழுவீங்க?"

"விழுந்தா சேந்தே விழுவோம். நம்ம பிள்ளைங்களுக்கு ஒரே செலவோட போயிடும். நடங்க!"

கேக்கம்மா பயத்தோடேயே சிரித்தாள். சிரித்ததில் ஒரு அடி நகர்ந்தாள். பிறகு இன்னொன்று. முகட்டைத் தாண்டும்போது ஒரு பெரிய காற்று வந்து டீச்சரின் சிவப்புத் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. குட்டையாக வெட்டிய நரை முடி எழுந்து நின்றது. காது இரண்டும் குளிரில் சிவந்துவிட்டன. கேக்கம்மா ஒரு பாறை மறைவில் அவரை நிறுத்தினாள். தன் கம்பளிச் சால்வையை எடுத்து அவர் தலையைச் சுற்றி, மோவாய்க்குக் கீழே இறுக்கி முடிச்சுப் போட்டாள். பள்ளிக்கூடத்தையே ஆட்டிவைத்த டீச்சர், சொன்னபடி கேட்கும் குழந்தை மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

கடைசி ஏற்றத்தில் கையையும் ஊன்றி ஏறினார்கள். மேலே போனதும் பலகையை இருவரும் சேர்ந்து தொட்டார்கள்.

அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. சுற்றிலும் மலைகள், ஒன்றன்பின் ஒன்றாக, தூரம் போகப் போக நீலம் வெளுத்துக்கொண்டே போயின. கீழே ஒரு ஏரி கைக்கண்ணாடி மாதிரி கிடந்தது. பிள்ளைகள் இருக்கும் கல் குடிசை ஒரு சர்க்கரைக் கட்டி அளவுகூட இல்லை. தன் காலா இங்கே கொண்டுவந்து விட்டது என்று கேக்கம்மா குனிந்து காலைப் பார்த்துக்கொண்டாள்.

டீச்சர் போனை எல்லாத் திசையிலும் நீட்டிப் பார்த்தார். "சிக்னலே இல்ல. யார்கிட்டயும் சொல்ல முடியலையே."

"விடுங்க" என்றாள் கேக்கம்மா.

இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். கொஞ்சம் கழித்து டீச்சர், "உங்க வீட்டுக்காரர் எப்படி இருப்பாரு? நான் பாத்ததே இல்லையே" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"லிப்ட் மெக்கானிக்கா இருந்தாரு. எந்தக் கட்டடத்துல வேலைன்னாலும் முடிச்சிட்டு மொட்டை மாடிக்குப் போயிடுவாரு. அங்கேருந்து எனக்குப் போன் பண்ணி, 'இங்கேருந்து நம்ம கடை தெரியுதுடி. வாசல்ல வந்து கையை ஆட்டு'ம்பாரு. சுத்தப் பொய். ஊருக்கு அந்தக் கோடில நிப்பாரு. நானும் மாவுக் கையோட வாசல்ல வந்து ஆட்டுவேன். எதுத்த கடைக்காரர் எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சாரு."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

டீச்சர் எழுந்து நின்றார். நெற்றியில் கையை வைத்துத் தூரத்தை உற்றுப் பார்த்தார். கடைசி மலைக்கும் அப்பால், வானமா நிலமா என்று தெரியாத ஒரு மங்கலைச் சுட்டிக்காட்டினார்.

"அதோ! அந்தப் புகைக்கு இடது பக்கம். நல்லாப் பாருங்க. உங்க கடை தெரியுது."

வாழ்நாளெல்லாம் கோட்டைத் தொட்டால்தான் ஓட்டம் என்று நின்ற மனுஷி, கண்ணிமைக்காமல் அந்தப் பொய்யைச் சொன்னார்.

கேக்கம்மா அந்தப் பக்கம் பார்த்தாள். கண்ணில் நிறைந்திருந்த தண்ணீரில் எதுவுமே தெரியவில்லை.

"ஆமா" என்றாள். "போர்டுகூடத் தெரியுது." பிறகு கையைத் தூக்கி ஆட்டினாள். டீச்சரும் பக்கத்தில் நின்று ஆட்டினார்.

இறங்கிக் குடிசையை நெருங்கியபோது மருமகன் வழியிலேயே எதிரில் ஓடி வந்தான். "அம்மா, ஏறிட்டோம்னு சொல்லி எவ்ளோ நேரமாச்சு! இறங்கவா இவ்ளோ நேரம்? வனக்காவலருக்குச் சொல்லலாம்னு கிளம்பிட்டேன்."

"அது உச்சி இல்லடா. தப்பாச் சொல்லிட்டேன்" என்றார் டீச்சர். "அப்புறம்தான் உச்சிக்குப் போனோம். உன் அத்தைதான் போகலாம்னா."

மகள் மாமியாரின் தலையைப் பார்த்தாள். தன் அம்மாவின் சால்வை, மோவாய்க்குக் கீழே முடிச்சு. அம்மாவைப் பார்த்தாள். அம்மா மாமியாரின் கையைக் கோத்துக்கொண்டு நின்றாள். விடுகிற மாதிரியும் தெரியவில்லை.

"மேல என்னம்மா நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. காட்சி பாத்தோம்" என்றாள் கேக்கம்மா. "மாப்பிள்ளைக்கு மிச்சக் கேக் இருக்கு. கொஞ்சமா குடு. போதும்."

டீச்சர் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். மருமகன் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

காரில் பின் சீட்டில் ஏறிய சம்பந்திகள் பூங்கா வாசல்வரைகூடத் தாங்கவில்லை. டீச்சரின் தலை கேக்கம்மாவின் தோளில் சாய்ந்தது. கேக்கம்மாவின் கன்னம் அந்தச் சால்வைமேல் பதிந்தது. வாயை லேசாகத் திறந்தபடி இருவரும் தூங்கிப் போனார்கள். மருமகன் பாட்டை நிறுத்தினான். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும், தலைகள் பிரிந்துவிடக் கூடாதே என்று வண்டியை நிதானமாகத் திருப்பினான்.