பெட்டிக்குள் ஏறும் சூடு

என் பெண்டாட்டி கிட்டார் வாசிக்கிறவள். அறுபது தாண்டியவள் தோளில் வாரை மாட்டிக்கொண்டு மேடையில் நின்றால், பார்க்கிறவன் வாயில் ஈ புகுந்தாலும் தெரியாது.

அவளுடைய ஆம்ப்ளிபயரும் கிழம்தான். பல்பு மாதிரி கண்ணாடி வால்வு போட்ட மரப்பெட்டி. கொஞ்ச நாளாக மக்கர் பண்ணியது. முதல் இரண்டு பாட்டுக்கு ராஜா மாதிரி பாடும். மூன்றாவதில் உறுமும், அப்புறம் சத்தம் சோர்ந்து விழும். போன கச்சேரியில் பாதியிலேயே படுத்துவிட்டது. குழுவை நடத்துகிற டிரம்ஸ்காரர் அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: “சனிக்கிழமையும் இப்படி ஆச்சுன்னா, வேற ஆளைத்தான் பார்க்கணும்க்கா.” அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

முதலில் பார்த்தவன் என் மச்சினன். இசைக்கருவிக் கடை வைத்திருக்கிறான். கடைக்காரன் பேச்சை நான் நம்புகிறதில்லை. சொந்தக்காரக் கடைக்காரன் என்றால் அறவே நம்புகிறதில்லை.

“டிரான்ஸ்பார்மர் போச்சு மாமா. சூட்டுல வெந்துபோச்சு. கடையில புதுப்பெட்டி ஒண்ணு இருக்கு, அக்காவுக்குன்னா...”

“வைத்தியம் பாருடான்னா சவப்பெட்டி விக்கிறியே.”

“அப்ப நீங்களே பாருங்க!”

பார்த்தேன். பள்ளிக்கூடம் எனக்கு அஞ்சாவதோடு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் ரேடியோ ரிப்பேர்தான் பிழைப்பு. வால்வு எனக்குப் புதிதில்லை. பெட்டியிலிருந்து, வால்வும் மற்ற சாமானும் மாட்டியிருக்கிற தகரச் சட்டத்தைக் கழற்றி மேசைமேல் ஒருக்களித்து வைத்தேன். கரண்ட்டை நிறுத்தினாலும், அதைச் சேர்த்து வைக்கிற கண்டன்சருக்குள் ஆளை அடிக்கிற அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும். முதலில் அதை இறக்கினேன். பிறகு ஒவ்வொன்றாக மீட்டர் வைத்தேன். ரெசிஸ்டர்கள் கருகின அப்பளம் மாதிரி இருந்தன. அளவு மட்டும் சரியாகக் காட்டின. ஓடவிட்டு அவளை வாசிக்கச் சொன்னேன். காலை முழுக்க வாசித்தாள். ஒரு உறுமல் இல்லை.

“பெட்டியில கோளாறு இல்ல. உன் கையைப் பாரு,” என்றேன்.

கிட்டாரைக் கீழே வைத்தாள். அவள் கிட்டாரைக் கீழே வைத்தால் நல்லதற்கில்லை.

“என் கையா? அடுப்பைப் பாத்திரத்துக்குப் பக்கத்துல வச்சா தண்ணி கொதிக்குமா?”

“அதுக்கும் இதுக்கும் என்னடி?”

“பெட்டிக்குள்ள வால்வெல்லாம் தலைகீழா கீழ தொங்குது. சூடு மேல ஏறி அந்தத் தகரத்துக்குள்ளதான் போகும். நீங்க ஒருக்களிச்சு, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியும் போட்டு வச்சிருக்கீங்க. காத்து வாங்குற பெட்டிக்கு ஏன் காய்ச்சல் வருது?”

வேடிக்கை பார்க்க வந்திருந்த மச்சினன் சிரித்தான். அவனை முறைத்துவிட்டு, சட்டத்தைத் திரும்பப் பெட்டிக்குள் மாட்டி, பின்பலகையையும் திருகினேன். ஜன்னலைச் சாத்தினேன். “வாசி,” என்றேன்.

பின்பலகை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டு. இரண்டாவது. மூன்றாவதில் உறுமல் வந்தது. வால்வின் நடுக்கம்பி சிவந்திருப்பது நியாயம். ஆனால் சுற்றியிருக்கும் கருந்தகடே கொல்லன் உலை இரும்பு மாதிரி சிவந்துகொண்டு வந்தது.

“நிறுத்து!”

பிளக்கைப் பிடுங்கி, மிச்சக் கரண்ட்டை இறக்கி, சூடு ஆறுமுன் கழற்றினேன். விரல் சுட்டது. இப்போது வேறு முகம் தெரிந்தது. கடைசி வால்வுக்குக் கடிவாளம் மாதிரி ஒரு வெள்ளைப் பீங்கான் ரெசிஸ்டர் உண்டு. எப்போதும் கொதிக்கிற சாதி. அதன் முதுகோடு முதுகாக ஒரு கண்டன்சரைப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தது. கண்டன்சரின் மேல்தோல் சுருங்கி, அடிரப்பர் உப்பியிருந்தது. அதன் ஒரு கம்பிக்காலைக் கழற்றி மீட்டரை வைத்தேன். ஒழுகியது. தடுக்க வேண்டிய கரண்ட்டை அது விட்டுக்கொண்டிருக்க, கடிவாளம் அறுந்த வால்வு தறிகெட்டு ஓடியிருக்கிறது. ஆறியதும் அதே கண்டன்சர் நல்ல பிள்ளையாகிவிட்டது. எனக்கு அதிலும் நம்பிக்கை வரவில்லை. தலைமுடி உலர்த்துகிற மெஷினை அவளிடம் வாங்கி அதன்மேல் ஊதினேன். மறுபடி ஒழுகியது.

டிரான்ஸ்பார்மரையும் ஒரு கை பார்த்தேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

“இதை யார்டா கட்டினது?”

மச்சினன் எட்டிப் பார்த்தான். “போன வருஷம் நான்தான் மாத்தினேன். ஆடாம இருக்கட்டுமேன்னு...”

“ஆடவே இல்ல. அசையாம நின்னு வெந்திருக்கு.”

“பார்க்கவும் அழகா இருந்துச்சு மாமா.”

அவன் அக்கா சிரித்துவிட்டாள். அவன் கடைக்குப் போய், அதிகச் சூடு தாங்குகிற கண்டன்சராகப் பார்த்து எடுத்து வந்தான். டிரான்ஸ்பார்மர் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. கண்டன்சரைத் தள்ளி எதிர்மூலையில் பற்றவைத்தேன். பீங்கானைக் கம்பிக்காலில் தூக்கி நிறுத்தி, அடியில் காற்று போக வழி விட்டேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. பெட்டியை மூடி அவள் வாசிக்க வாசிக்க, தகடு கறுப்பாகவே இருந்தது.

சனிக்கிழமை நான் முன்வரிசையில் உட்காரவில்லை. மேடைக்குப் பின்னால், பெட்டியின் இடுக்குக்கு எதிரே ஒரு முக்காலி போட்டுக்கொண்டேன். மூன்றாவது பாட்டில் டிரம்ஸ்காரர் அடித்துக்கொண்டே பெட்டியை ஓரக்கண்ணால் பார்த்தார். அது அசரவில்லை. கடைசிப் பாட்டில் மற்றவர்கள் கையை எடுத்துவிட, அவள் மட்டும் தனியாக நின்று வாசித்தாள். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. சபை எழுந்து நிற்கிற சத்தம் பலகை வழியாக என் காலுக்கு வந்தது.

டிரம்ஸ்காரர் வேர்வையோடு வந்தார். “அடுத்த கச்சேரிக்கும் அக்காதான், அண்ணே.”

“பின்ன யாரு?” என்றேன்.

அவள் வந்தாள். “எப்படி இருந்துது?”

“தகடு சிவக்கவே இல்ல.”

“நான் வாசிச்சது எப்படின்னு கேட்டேன்.”

“உன் கைக்கு அந்தப் பெட்டி ஈடு கொடுத்துதே, அதுவே பெரிசு.”

முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சிரிப்பை மறைக்கத்தான். மச்சினன் பெட்டியைத் தூக்க வந்தான். நான் விடவில்லை. இடுப்பு விட்டுப்போகிற கனம். வாசலில் நின்ற கூட்டத்தில் ஒருத்தன், “கிட்டார்கார அம்மாவோட வீட்டுக்காரர் போறார், வழி விடுங்க” என்றான். வழி தாராளமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மெதுவாகவே நடந்தேன்.