மூலைக்கு மூலை

தச்சர் வீட்டின் நான்கு சுவர்களும் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் மனைவியின் பின்னாலேயே கிளம்பி, அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டன. சிமெண்டுத் தரையும் தன்னைச் சுருட்டிக்கொண்டு கூடவே போனது. கூரை மட்டும் போக்கிடம் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. அவள் கிளம்பியதற்குக் காரணம் அலமாரி. அது எந்த மூலையிலும் ஒட்டி உட்காரவில்லை, வீடே கோணல் என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லிவந்தாள். நானே கட்டியது, அச்சு அசல் சதுரம், கோணல் உன் கண்ணில்தான் என்று அவர் சொல்லிவந்தார். அன்று காலை அதைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டார்.

முதல் வாரம் தெருவே வேடிக்கை பார்த்தது. அடுத்த வாரம், அவர் கட்டில் வழியை மறைக்கிறது என்று குறைப்பட்டது. ஒரு சட்டை மாற்றுவதற்குள் தச்சர் பட்ட பாடு சொல்லி மாளாது. வெட்கத்தை விட்டு அக்கா வீட்டுக்குப் போனார். சுவர்கள் கொல்லையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தன.

“வீடு என்ன வடிவம்னு சரியாச் சொல்லுங்க. நாங்க வந்துடறோம்,” என்றாள் மனைவி.

“சதுரம்தான். நாலு சுவரும் ஒரே நீளம், நீயே பாரு.”

“நீளம் ஒண்ணுதான். மூலைக்கு மூலை அளந்தீங்களா? ஊரார் கதவு நிலைக்கெல்லாம் அளக்கறீங்களே.”

அளந்ததில்லை. தன் கை தப்பாது என்ற திமிர்தான்.

திரும்பி வந்து பார்த்தால், வீடு இருந்த மண்ணில் இரண்டு தடங்களே மிச்சம். கட்டில் மூலையிலிருந்து வாசல் மூலைக்கு அவர் நடந்தது ஒன்று, குழாய் மூலையிலிருந்து அடுப்பு மூலைக்கு அவள் நடந்தது மற்றொன்று. வருஷக்கணக்கான நடை சிமெண்டைத் தாண்டி மண்ணில் இறங்கியிருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்து, பட்டம் மாதிரி இருக்கிறதே என்றார். தச்சர் கயிறு பிடித்தார். பட்டமானால் ஒரு கோடுதான் பாதியாக வெட்டுப்படும். இங்கே இரண்டுமே சரிபாதி. கோடுகள் வெட்டும் இடத்தில் மூலைமட்டத்தை வைத்தார். செங்குத்து. சதுரமேதான் என்று மீசையில் கைவைத்தவர், கடைசியில் இரண்டு கோடுகளின் நீளத்தையும் ஒப்பிட்டார். சமமாக இருந்திருந்தால் சதுரம். அவள் கோடு ஒரு முழம் அதிகம்.

இத்தனை வருஷமும் வாளியும் கையுமாக அவள்தான் நீளமான கோட்டில் நடந்திருக்கிறாள். தச்சருக்கு அழுகை வந்தது. சுவர் இல்லாததால் அதையும் தெரு பார்த்தது.

“சாய்சதுரம்,” என்றார் அக்கா வீட்டில் போய் நின்று. “உன் கோடுதான் நீளம்.”

“அது என் காலுக்கு எப்பவோ தெரியும்,” என்று அவள் பையை எடுத்தாள்.

தரை முதலில் வந்து விரிந்துகொண்டது, சுவர்கள் வரிசையாக வந்து பழைய கோணலிலேயே நின்றுகொண்டன. அவர் அலமாரியின் பக்கத்தை இழைத்து மூலைக்குப் பொருத்தினார். வாளியை இப்போது அவர்தான் தூக்குகிறார். மனைவி அக்காவைப் பார்க்கப் போகும்போது தரை தங்கிவிடுகிறது, நான்கு சுவர்கள் மட்டும் இன்னமும் கூடப் போகின்றன. அவர் முன்கூட்டியே சட்டையை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். போகிறவர்கள், “வீட்ல இல்லையா?” என்பார்கள்.

“நாளைக்கு வந்துடுவாங்க,” என்பார், ஐந்து பேரையும் சேர்த்து.